அம்மைக்கு உள்ளுக்குள்ள ரத்தம் போயிட்டு, வால்வு மாத்திரைய திரும்ப குடுக்கவே கை நடுங்குது, நிறுத்திரலாமா?

முக்கூடல் மக (செவ்வாய், இரவு 10:40)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கிட்டு படிங்க.

எங்க அம்மைக்கு 58 வயசு. சின்னப் பிள்ளையில மூட்டுக்காச்சல் வந்து ஹார்ட்டு வால்வு சுருங்கிப் போச்சு, 2014-ல காப்பீட்டுத் திட்டத்துல மைட்ரல் வால்வ எடுத்துட்டு உலோக வால்வு வச்சாவ. அன்னையில இருந்து ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாத்திரை, ஒரு நாள் தப்பாது. மடியில பீடித்தட்டு இருக்கும், சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா கைய கழுவிட்டு வந்து மாத்திரைய போட்டுட்டுத்தான் மறுபடி சுத்த உக்காருவா.

போன மாசம் அம்மைக்கு மேலுக்கு முடியல. காச்சல், வயித்தால போக்கு, கூடவே எப்பவும் உள்ள முட்டுவலி. நான் திருப்பூர்ல வேலையில இருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் மெடிக்கல்ல போயி சொல்லி மாத்திரை வாங்கிட்டு வந்திருக்கான், வயித்துக்கு ஒண்ணு, முட்டுவலிக்கு ஒண்ணு, காலையில ராத்திரியில. அஞ்சு நாள் அதத்தான் சாப்பிட்டிருக்கா, சோறு இறங்கல, வெறும் கஞ்சித் தண்ணி. வால்வு மாத்திரையையும் வழக்கம்போல போட்டிருக்கா, அத மறக்கவே மாட்டாள்லா. நாலாவது நாள் பல்லு வெளக்கும்போது ரத்தம் வந்திருக்கு, வேப்பங்குச்சி குத்திட்டுன்னு நெனச்சிருக்கா. முழங்கையில நீலமா கன்னிப் போயிருந்திருக்கு, எங்கயோ இடிச்சிருப்பேன்னு விட்டுட்டா. வெளிக்கு கருப்பா போயிருக்கு, அத யார்ட்டயும் சொல்லல. முன்னால ஒரு தடவ சத்து மாத்திரை சாப்பிட்டப்ப அப்படித்தான் கருப்பா போச்சாம், அதுமாதிரின்னு இருந்துட்டா.

ஆறாவது நாள் விடியக்காலம் பொறவாசல்ல கிறக்கம் வந்து விழுந்துட்டா. 108-ல கொண்டு போறப்ப உதடு காகிதம் மாதிரி வெளுத்திருந்துச்சுன்னு சித்தி சொன்னாவ. ஹீமோகுளோபின் 4.8, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் 9-க்கு மேல. நாலு பாட்டில் ரத்தம், அதுபோக பிளாஸ்மா, வைட்டமின் கே ஊசிய டிரிப்ல கொஞ்சம் கொஞ்சமா போட்டாவ. டியூப் விட்டுப் பாத்ததுல இரைப்பையில ரெண்டு புண்ணு. பதினோரு நாள் ஆஸ்பத்திரி வாசம். கடைசியில ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் ஊசி போட்டு, பொறவு அதே வால்வு மாத்திரைய திரும்ப ஆரம்பிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாவ.

இப்ப பிரச்சனை என்னன்னா, சாயங்காலம் ஆறு மணி ஆனாலே எனக்கு வயித்தக் கலக்குது. அந்த மாத்திரைய நான்தான் எடுத்து குடுக்கேன், குடுக்கும்போதே விஷத்த குடுக்கமோன்னு இருக்கு. பெரியம்மை சொல்லுதாவ மூணு மாசம் நிறுத்திட்டு பூண்டும் ஏதோ வேரும் சாப்பிடலாம்னு. நிறுத்துனா என்ன ஆகும்? யாருக்காவது அனுபவம் இருந்தா உண்மையச் சொல்லுங்க.

வள்ளியூர் காத்து (செவ்வாய், இரவு 11:15)

தங்கச்சி, நிறுத்திராத. முதல்ல இத எழுதிட்டுத்தான் மத்ததெல்லாம்.

எங்க அத்தானுக்கும் உலோக வால்வுதான். அது டிக் டிக்னு சத்தம் கேக்கும், ராத்திரி எல்லாரும் படுத்த பொறவு அமைதியா இருக்கும்போது பக்கத்துல உக்காந்தா நல்லாவே கேக்கும், அக்கா அந்த சத்தத்துலதான் தூங்குவேன்னு சொல்லுவா. பல்லு புடுங்கணும்னு யாரோ சொன்னாங்கன்னு மாத்திரைய நிறுத்துனாவ, பல்லு ஆறுனதுக்கு அப்புறமும் திரும்ப ஆரம்பிக்கல, ஒடம்பு நல்லாத்தான இருக்குன்னு. மூணாவது வாரம் அக்கா போன் பண்ணுதா, சத்தம் மங்கலா கேக்குடா, முன்ன மாதிரி இல்லன்னு. எனக்கு அப்ப அது என்னன்னு தெரியாது, காலையில பாப்போம்னு சொன்னேன். விடியும்போது வலது கையும் காலும் வரல, பேச்சு குழறிட்டு. வால்வுல ரத்தக்கட்டி புடிச்சு அதுல ஒரு துண்டு மூளைக்கு போயிருக்கு. உசுரு இருக்கு, ஆனா இன்னைக்கும் சட்டைக்கு பித்தான் அக்காதான் போட்டு விடணும். காலையில பாப்போம்னு சொன்னத நான் இன்னும் நெனச்சுக்கிட்டு கெடக்கேன்.

உங்க அம்மைக்கு ரத்தம் போனதும் ஆபத்துதான், ஆனா மாத்திரைய நிறுத்துறது இன்னொரு பக்கத்து ஆபத்து. வேறு எதையும் யோசி, நிறுத்துறத மட்டும் டாக்டர்ட்ட கேக்காம செய்யாத.

ஹைகிரவுண்டு பழைய மாணவன் (புதன், காலை 6:20)

நான் டாக்டர், இப்ப வெளியூர்ல இருக்கேன், படிச்சது பாளையில. உங்க அம்மாவ பாத்தவங்கதான் மருந்தளவ முடிவு பண்ணணும், நான் என்ன நடந்திருக்கும்னு மட்டும் சொல்றேன், தெரிஞ்சா பயம் குறையும்.

இந்த மாத்திரை ரத்தத்த தண்ணியாக்குறது இல்ல. ரத்தம் உறையறதுக்கு தேவையான சில காரணிகள (2, 7, 9, 10-னு நம்பர் இருக்கு) ஈரல் தயார் பண்ணுது, அதுக்கு வைட்டமின் கே வேணும். அந்த வைட்டமின் கே-ய ஈரல் திரும்பத் திரும்ப பயன்படுத்தும், அந்த சுழற்சியத்தான் மாத்திரை தடுக்குது. அதனால உறையறதுக்கு நேரம் அதிகமாகும். எவ்வளவு அதிகம்ங்கிறத காட்டுறதுதான் ஐஎன்ஆர். மாத்திரை சாப்பிடாத ஆளுக்கு 1 கிட்ட இருக்கும். மைட்ரல் இடத்துல உலோக வால்வு இருக்கறவங்களுக்கு பொதுவா 2.5-ல இருந்து 3.5 வரைக்கும் வைப்போம்.

இப்ப பாருங்க, அந்த அஞ்சு நாள்ல என்னென்ன சேந்திருக்கு. வயித்தால போக்குக்கு மெடிக்கல்ல குடுத்தது பெரும்பாலும் மெட்ரோனிடசோலா இருக்கும், அட்டை இருந்தா பாருங்க. அது வால்வு மாத்திரைய ஈரல் உடைச்சு வெளியேத்துறத மெதுவாக்கும், அதனால அதே ஒரு மாத்திரை ஒடம்புக்குள்ள ரெண்டு மாத்திரை மாதிரி வேலை செய்யும். சோறு கீரை எதுவும் இறங்காம கஞ்சித் தண்ணி மட்டும்னா வைட்டமின் கே வரத்தே நின்னு போச்சு. மூணாவது முட்டுவலி மாத்திரை, அது டைக்ளோஃபெனாக் மாதிரி ஒண்ணா இருந்தா இரைப்பைச் சுவரோட பாதுகாப்ப எடுத்துடும், புண்ணு வரும், அந்தப் புண்ண அடைக்க ஓடி வர்ற தட்டணுக்களையும் வேலை செய்ய விடாது. ஆத்துல வெள்ளம் வரும்போது மூணு மடையையும் ஒரே நேரத்துல திறந்து விட்ட மாதிரி. வால்வு மாத்திரைய மட்டும் குத்தம் சொல்லி நிறுத்தினா, திறந்த மடை மூணும் அப்படியேதான் இருக்கும்.

வைட்டமின் கே-ய ஏன் மொத்தமா போடலன்னு உங்களுக்கு தோணியிருக்கலாம். நிறைய போட்டா ரத்தம் நிக்கும், ஆனா அப்புறம் பல நாளைக்கு மாத்திரை பிடிக்காது, அந்த நாள்ல வால்வுல கட்டி வரும். அதனாலதான் அவங்க பாத்துப் பாத்து போட்டிருக்காங்க. நல்லா பாத்திருக்காங்க.

இரைப்பைப் புண்ணுக்கு எச். பைலோரி கிருமி டெஸ்ட் எடுத்தாங்களான்னு கேளுங்க. இருந்தா அதுக்கு ரெண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் குடுப்பாங்க, அதுவும் ஐஎன்ஆர ஏத்தும், அந்த ரெண்டு வாரமும் அடிக்கடி டெஸ்ட் எடுக்கணும்.

முக்கூடல் மக (புதன், காலை 7:05)

டாக்டர், அட்டைய பரண்ல இருந்து தேடி எடுத்துட்டேன். நீங்க சொன்ன அதே ரெண்டு பேரும்தான் இருக்கு, மெட்ரோனிடசோல், டைக்ளோஃபெனாக். எனக்கு அழுகையே வந்துட்டு.

ஆலங்குளத்துக்காரன் (புதன், காலை 9:30)

நான் படிச்சவரைக்கும் இந்த மாத்திரையோட குடும்பம் எலி மருந்துல இருந்து வந்தது, எலி உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு சாகும். அத மனுசனுக்கு ஆயுசு பூரா குடுக்காங்கன்னா யோசிக்கணும்லா. இப்ப புது மாத்திரை வந்திருக்கே, டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான்னு, அதுக்கு ஐஎன்ஆர் டெஸ்ட்டே வேண்டாம், கீரை கட்டுப்பாடும் இல்லங்காவ. எங்க பெரியப்பாவுக்கு அதுதான் குடுக்காங்க, நல்லா இருக்காவ. அம்மைக்கு அத மாத்தச் சொல்லுங்க. அந்த மெடிக்கல்காரன் மேல கேஸும் போடுங்க, சீட்டு இல்லாம எப்படி குடுக்கான்?

ஹைகிரவுண்டு பழைய மாணவன் (புதன், மதியம் 1:50)

ஆலங்குளம் அண்ணாச்சி, எலி மருந்துங்கிறது உண்மை, ஆனா கதைய முழுசா சொல்லணும். 1920-கள்ல வட அமெரிக்காவுல மாடுங்க கொம்பு சீவுனாலே ரத்தம் நிக்காம செத்துக்கிட்டு இருந்துச்சு. பூஞ்சை புடிச்ச ஒரு வகை தீவனப்புல்லுதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. 1933-ல ஒரு விவசாயி செத்த கன்னுக்குட்டியையும் உறையாத ரத்தத்த ஒரு பாத்திரத்துலயும் எடுத்துக்கிட்டு பனிப்புயல்ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு போனார். அங்க கார்ல் பால் லிங்க்னு ஒரு வேதியியல் பேராசிரியர், அவர் கூட்டம் பல வருசம் உழைச்சு அந்தப் பொருள பிரிச்சாங்க. அதுல இருந்து வந்த வார்ஃபாரின், அம்மா சாப்பிடுற மாத்திரையோட அதே குடும்பம், 1948-ல எலி மருந்தா வந்துச்சு, 1954-ல மனுசனுக்கு அனுமதி கிடைச்சுது. மறு வருசம் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு ஹார்ட் அட்டாக் வந்தப்ப அவருக்கே குடுத்தாங்க. அளவுதான் மருந்துக்கும் விஷத்துக்கும் உள்ள தூரம், அந்த அளவ பாக்கத்தான் ஐஎன்ஆர்.

புது மாத்திரை விஷயத்த தயவுசெஞ்சு யாரும் தானா செஞ்சுடாதீங்க. உங்க பெரியப்பாவுக்கு துடிப்பு தாறுமாறா அடிக்கிற பிரச்சனையோ கால் ரத்தக்குழாய் அடைப்போ இருக்கும், அதுக்கு அது நல்ல மருந்து. உலோக வால்வுக்கு அது கிடையாது. டாபிகாட்ரான வால்வு வச்சவங்களுக்கு குடுத்துப் பாத்தாங்க, கட்டியும் கூடுச்சு, ரத்தக்கசிவும் கூடுச்சு, பாதியிலேயே ஆய்வ நிறுத்திட்டாங்க, 2013-ல முடிவு வெளியாச்சு. அபிக்ஸபானையும் ஒரு வகை உலோக வால்வுல சோதிச்சாங்க, அதையும் 2022-ல நிறுத்த வேண்டியதாப் போச்சு. மூட்டுக்காச்சல்னால வால்வு சுருங்கி துடிப்பும் தாறுமாறா இருக்கறவங்களுக்குகூட ரிவராக்ஸபான விட பழைய மாத்திரைதான் நல்லதுன்னு அதே 2022-ல தெரிஞ்சுது. நம்ம ஊர்ல மூட்டுக்காச்சல் வால்வு நோய் நிறைய, அதனால இது நமக்குத்தான் ரொம்ப முக்கியம். புது மாத்திரையிலயும் உள்ளுக்குள்ள ரத்தம் போகும், டெஸ்ட் இல்லைங்கிறதால ஆபத்து இல்லன்னு ஆகாது.

முக்கூடல் மக (புதன், மதியம் 2:30)

கேஸ் எல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. அந்தக் கடைப் பையன் ராத்திரி பதினோரு மணிக்கு கதவ தட்டுனாலும் திறந்து மருந்து தருவான். அவன் கேக்கல, வாங்கப் போன பையனுக்கு அம்மை வால்வு மாத்திரை சாப்பிடுறது தெரியாது, அம்மைக்கு இது சொல்ல வேண்டிய விஷயம்னே தெரியாது. நான் பத்து வருசமா பாத்துக்கிட்டு இருந்தும் ஒரு நாள்கூட சொல்லிக் குடுக்கல. ஆபரேஷன் முடிஞ்சு வரும்போது ஒரு சின்ன புத்தகம் குடுத்தாவ, அது பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில இருந்துச்சு, நேத்துதான் எடுத்தேன். முட்டுவலி மாத்திரை கூடாதுன்னு மூணாவது பக்கத்துல இருக்கு.

பேட்டை லேப் (புதன், மாலை 5:10)

லேப்ல இருவது வருசமா ரத்தம் எடுக்கேன், என் பங்குக்கு ரெண்டு வார்த்தை. ஐஎன்ஆர்-க்கு எடுக்கிறது நீல மூடி ட்யூப், அதுல ரத்தத்த உறைய விடாத சிட்ரேட் மருந்து இருக்கும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்து. கோடு வரைக்கும் ரத்தம் நிறையணும், நரம்பு கிடைக்கலன்னு பாதியில நிறுத்துனா ஐஎன்ஆர் பொய்யா கூடுதலா காட்டும், அத நம்பி மாத்திரைய குறைச்சா கட்டி புடிக்கும். அதனால கொஞ்சமாத்தான் வந்துச்சுன்னு யாராவது சொன்னா இன்னொரு தடவ எடுங்கன்னு கேளுங்க, தப்பில்ல. முடிஞ்சா எப்பவும் ஒரே லேப்ல எடுங்க. தேதி, ஐஎன்ஆர், அன்னைக்கு எவ்வளவு மில்லிகிராம், மூணையும் ஒரே வரியில எழுதுங்க. எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு மாத்திரைய கால், அரைன்னு சொல்லுதாவ, எத்தன மில்லிகிராம்ல அரைன்னு கேட்டா தெரியாது, 1, 2, 3, 4-னு எல்லா மில்லிகிராம்லயும் மாத்திரை இருக்கு, அட்டை மாறிட்டா அரை மாத்திரையே ரெண்டு மடங்கு ஆயிரும்.

புதுசா எந்த மருந்து சேந்தாலும், எந்த மருந்த நிறுத்துனாலும், மூணு நாலு நாள்ல ஒரு ஐஎன்ஆர் எடுத்துருங்க. மாசம் ஒருக்கா எடுக்கிற கணக்கு ஒடம்பு நல்லா இருக்கிற மாசத்துக்குத்தான்.

குறுக்குத்துறை பேரன் (புதன், இரவு 8:45)

வயித்துல மட்டும்தான் போகும்னு நெனச்சிராதீங்க. எங்க தாத்தாவுக்கு 76. துடிப்பு சரியில்லன்னு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் குறுக்குத்துறையில குளிக்கப் போயி படித்துறையில வழுக்கி பின்மண்டை இடிச்சிருக்கு. வெளிய ஒரு சொட்டு ரத்தம் இல்ல, சின்ன வீக்கம், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு தடவுனோம், ரெண்டு நாள்ல வீக்கம் வத்திட்டு. எல்லாரும் மறந்துட்டோம். மூணு வாரம் கழிச்சு சாப்பிட்ட பொறவு இன்னும் சாப்பிடலங்காவ, செருப்ப மாத்திப் போடுதாவ, ஆச்சி பேரச் சொல்லி எங்க அத்தைய கூப்பிடுதாவ. வயசாயிட்டு, ஞாபக மறதின்னு பேசிக்கிட்டு இருந்தோம். இடது கால இழுத்து நடக்க ஆரம்பிச்சப்பதான் தூக்கிட்டு ஓடுனோம். ஸ்கேன்ல மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல ரத்தம் கட்டி மூளைய அமுக்கிக்கிட்டு இருந்துச்சு. மண்டையில ஓட்டை போட்டு எடுத்தாவ, கருப்பு எண்ணெய் மாதிரி வந்துச்சாம். மறுநாள் என்னப் பாத்து, லே நீ எப்பவே வந்தன்னு கேட்டாவ, அந்த ஒரு வார்த்தைக்கு நாங்க பட்ட சந்தோஷம்.

டாக்டர் சொன்னது இதுதான், இந்த மாத்திரை சாப்பிடுற ஆளு தலையில அடிபட்டா காயம் இருக்கோ இல்லையோ அன்னைக்கே ஸ்கேன் பாக்கணும், நல்லாத்தான் பேசுதாருன்னு விடக்கூடாது.

பாளை சிஸ்டர் (வியாழன், காலை 5:55)

நைட் டூட்டி முடிச்சுட்டு எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

மக்கா, முதல்ல அந்த கருப்பு விஷயம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டா கரும்பச்சையா கட்டியாப் போகும். ரத்தம் போச்சுன்னா ரோட்டுக்கு ஊத்துற தார் மாதிரி, ஒட்டும், தண்ணி ஊத்துனாலும் லேசுல போகாது, ஒரு கெட்ட வாடை இருக்கும், ஒரு தடவ பாத்தவங்களுக்கு மறக்காது. இரைப்பையில 50 மில்லி ரத்தம் கசிஞ்சாலே அப்படி கருக்கும், அரை கிளாஸ்கூட இல்ல. அம்மாட்ட வெக்கப்படாம தினமும் கேளு. எங்க வார்டுல வர்ற வயசானவங்க, முக்கியமா பொம்பளைங்க, இத யார்ட்டயும் சொல்லவே மாட்டாங்க, விழுந்த பொறவுதான் தெரியும்.

அடுத்தது, இடுப்புல ஊசி போட விடாதே. சதைக்குள்ள போடுற ஊசி இவங்களுக்கு உள்ளயே ரத்தம் கட்டும். ஒரு அண்ணாச்சி களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் தூக்குறவரு, இடுப்புல ஒரே வலி, வலது கால நீட்ட முடியல, மடக்கியே வச்சிருந்தாரு, வாயுப்பிடிப்புன்னு எண்ணெய் போட்டு நீவி விட்டிருக்காங்க. ஸ்கேன்ல பாத்தா வயித்துக்குப் பின்னால முதுகுத்தண்டு பக்கத்து சதையில பெரிய ரத்தக்கட்டி. வெளிய ஒண்ணுமே தெரியாது, ஹீமோகுளோபின் மட்டும் இறங்கிக்கிட்டே வரும். அதனால புதுசா இடுப்பு வலி, தொடை வலி வந்தா நீவக்கூடாது, முதல்ல டாக்டர்.

வலிக்கு பாரசிட்டமால் குடுக்கலாம், ஆனா அதையும் தினம் நாலு மாத்திரைன்னு வாரக்கணக்கா போட்டா ஐஎன்ஆர் ஏறும், கேட்டுட்டு குடு. பூண்டு சமையல்ல போடுறது சரி, மருந்துன்னு பச்சையா நிறைய திங்க வேண்டாம், அதுவும் ரத்தப்போக்க கூட்டும். வேர் விஷயத்த டாக்டர்ட்ட கேக்காம தொடவே தொடாத, அது என்னன்னே நமக்குத் தெரியாது.

முக்கூடல் மக (வியாழன், காலை 8:20)

சிஸ்டர், கீரை? அம்மைக்கு முருங்கைக்கீரைன்னா உசுரு, வீட்டு வாசல்லயே மரம் நிக்கு. ஆபரேஷன்ல இருந்து தொடவே கூடாதுன்னு பக்கத்துல எல்லாரும் சொல்லிட்டாவ, பத்து வருசமா பாத்துக்கிட்டே இருக்கா.

பாளை சிஸ்டர் (வியாழன், மாலை 4:15)

அய்யோ, பத்து வருசமா! கீரை கூடவே கூடாதுன்னு இல்லம்மா. கீரையில வைட்டமின் கே நிறைய, அதனால இந்த வாரம் அஞ்சு நாள் கீரை, அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லன்னு ஏத்தி இறக்கி சாப்பிட்டா ஐஎன்ஆரும் ஏறி இறங்கும். வாரத்துக்கு ரெண்டு நாள், அதே கிண்ணம், அதே அளவுன்னு வச்சுக்கிட்டா அதுக்கு தக்கன மாத்திரைய டாக்டர் சரி பண்ணிடுவாரு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னால டாக்டர்ட்ட சொல்லிட்டு ஆரம்பி, பத்து நாள்ல ஒரு டெஸ்ட் எடு.

முக்கூடல் மக (ஞாயிறு, இரவு 9:00)

எல்லாருக்கும் பதில் எழுத நாலு நாள் ஆயிட்டு. வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போனேன். ஐஎன்ஆர் 2.9, ஹீமோகுளோபின் 9.4. நீல மூடி ட்யூப்ல கோடு வரைக்கும் நிறைஞ்சுதான்னு நானே பாத்தேன், லேப் அண்ணாச்சி. கிருமி டெஸ்ட் பத்தி கேட்டேன், டியூப் விட்டப்பவே எடுத்தாவளாம், கிருமி இல்லையாம், புண்ணு வலி மாத்திரைனாலதான்னு சொன்னாவ. இரைப்பைக்கு தனி மாத்திரை தொடரணும். கீரை வாரம் ரெண்டு நாள் சாப்பிடச் சொல்லிட்டாவ.

வள்ளியூர் அண்ணே, நீங்க எழுதுனத அம்மைக்கு வாசிச்சுக் காட்டுனேன். ஒண்ணுமே சொல்லல, செத்த நேரம் நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு இருந்தா. பொறவு பெரியம்மைய கூப்பிட்டு வேரெல்லாம் வேண்டாம்க்கான்னு அவளே சொல்லிட்டா.

மெடிக்கலுக்கு நானும் அம்மையும் போனோம். அந்தப் பையன்ட்ட நடந்தத சொன்னோம், அவனுக்கு முகமே செத்துப் போச்சு. கல்லாவுக்கு மேல அவனே பெரிய எழுத்துல எழுதி ஒட்டியிருக்கான், வால்வு மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க முதல்ல சொல்லுங்கன்னு. அம்மை பீடித்தட்டு ஓரத்துல மாத்திரை பேரும் மில்லிகிராமும் எழுதுன அட்டைய பிளாஸ்டிக் உறையில போட்டு கட்டி வச்சிருக்கா, பீடி குடுக்கப் போகும்போது கூட வர்ற பொம்பளையளுக்கு காட்டுதா, அதுல ஒருத்திக்கும் வால்வாம், அவ முட்டுவலிக்கு அதே மாத்திரைதான் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கா. நாளைக்கு அவளையும் கூட்டிட்டுப் போறேன்.

இன்னைக்கு முருங்கைக்கீரை பொரியல். நான் அடுப்படியில நிக்கும்போதே ஆறு மணி ஆயிட்டு, அம்மையே கைய கழுவிட்டு வந்து மாத்திரை டப்பாவ எடுத்து என் கையில குடுத்தா.

வள்ளியூர் காத்து (ஞாயிறு, இரவு 9:25)

தங்கச்சி, ராத்திரி அம்மை தூங்குன பொறவு பக்கத்துல உக்காந்து அந்த சத்தத்த ஒரு தடவ கேட்டுக்கோ. எப்படி கேக்குன்னு உனக்கு பழகி இருக்கணும்.

முக்கூடல் மக (ஞாயிறு, இரவு 11:50)

கேட்டேன் அண்ணே. நல்லா கேக்கு.